பம்பாயும் மோட்டார் சைக்கிள் அன்பர்களும்

மோட்டார் சைக்கிள் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மில் பெரும்பாலோர்க்கு இரண்டு எண்ணங்களே தோன்றும். ஒன்று, அதன் ஓசை. மற்றொன்று, அதனால் நேரும் விபத்து. வீட்டுப் பிள்ளை அதை வாங்கித் தரும்படி கேட்டால் தாயாரின் முகம் வாடுவதும், "ரயில் பாஸ் இருக்கும்போது இது எதற்கு?" என்று தந்தையார் வினவுவதும் மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகிய பகுதிகளில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் உரையாடல். அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடுவதற்கில்லை. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள் என்று மத்திய அரசின் கணக்குக் கூறுகிறது.

ஆயினும், இந்த யந்திரத்தின் வரலாற்றில் நாம் பெரிதும் கவனியாத ஒரு பகுதி உண்டு. அஃது அதை ஓட்டுவோர் தமக்குள் அமைத்துக்கொண்ட கூட்டுறவின் வரலாறு. செய்தவர்கள் கைவிட்ட வண்டிகளை வாழவைத்தது இந்தக் கூட்டுறவு. ஏட்டில் எழுதப்பெறாத தொழில் அறிவைக் கை மாற்றிக் கை மாற்றிக் காத்ததும் இதுவே. உற்றார் உறவினர் இல்லாத நகரத்தில், நள்ளிரவில் வண்டி நின்றுபோனால் கூப்பிட ஓர் ஆளைத் தந்ததும் இதுவே. பம்பாய் நகரத்திற்கு இவ்வரலாற்றில் உள்ள இடம் சிறியதன்று. 1995 முதல் மும்பை என்பதே அரசாங்கம் வழங்கும் பெயர். என்றாலும் பழைய காலத்தைப் பேசும்போது பழைய பெயரையே நாம் சொல்வோம். வாசகர்கள் பொறுத்தருள்க.

மோட்டார் சைக்கிள் தோன்றிய காலத்திலேயே அதற்கென்று சங்கங்களும் தோன்றிவிட்டன. இங்கிலாந்தில் 1901-இலேயே மோட்டார் சைக்கிளிங் கிளப் என்ற கழகம் அமைந்தது. 1904-இல் பாரிஸ் நகரில் பல நாட்டுக் கழகங்கள் கூடி ஓர் உலகக் கூட்டமைப்பை நிறுவின. இத்துணை விரைவாக அவர்கள் கூடியதற்குக் காரணம் வெறும் பொழுதுபோக்கு என்று நாம் எண்ணிவிடலாகாது. அக்காலத்தில் சாலைகள் குண்டும் குழியுமாக இருந்தன. பெட்ரோல் எங்கும் கிடைப்பதில்லை. வண்டி பழுதுபட்டால் குதிரைக்கு லாடம் அடிக்கும் கொல்லனிடந்தான் கொண்டுபோகவேண்டும். அடுத்த ஊரில் எவனிடம் வண்டி இருக்கிறது, எந்தக் கொல்லன் கைராசிக்காரன் என்பதை அறிந்திருப்பவனே ஊர் போய்ச் சேருவான். ஆகவே கூடினார்கள்.

பம்பாயில் 1919-இல் மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கம் அமைந்தது. அது பெரும்பாலும் மோட்டார் கார் வைத்திருந்த பெருந்தனக்காரர்களின் சங்கமாகவே நெடுங்காலம் விளங்கிற்று. மோட்டார் சைக்கிள்காரர்கள் அதன் வாசலுக்கு வெளியே தமக்குத் தெரிந்த முறையில் கூடிக்கொண்டனர். பி.எஸ்.ஏ., நார்ட்டன், டிரையம்ஃப், ஏரியல், மேட்ச்லெஸ் என்னும் ஆங்கில வண்டிகள் கப்பலில் பம்பாய்த் துறைமுகத்தில் வந்து இறங்கின. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், படைகள் விட்டுச் சென்ற வண்டிகளும் விலைக்கு வந்தன. மாட்டுங்காவை ஒட்டிய தாதர் பார்சி காலனியில், ஐந்து தோட்டங்களைச் சுற்றியுள்ள வீடுகளில் இவ்வண்டிகளைப் பெற்ற பிள்ளைகளைப்போல் பேணிய குடும்பங்கள் பல. பழைய யந்திரத்தைத் தூக்கி எறியாமல் துடைத்து வைக்கும் குணம் பார்சி மக்களுக்கு இயல்பாக வாய்த்தது. பம்பாயின் மோட்டார் சைக்கிள் அன்பர்கள் யாவரும் இந்தக் குணத்தை அவர்களிடமிருந்தே கற்றார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

நாடு விடுதலை பெற்ற பின்னர் அந்நியச் செலாவணியைக் காக்கவேண்டி அரசாங்கம் வெளிநாட்டு வண்டிகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. இங்கேயே செய்யலாம் என்று தொழில் முனைவோர் முன்வந்தனர். இங்கு நாம் சற்று நின்று கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. நம் சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் ராயல் என்ஃபீல்டு வண்டிகளை 1949 முதல் தருவித்து விற்றது. எல்லைக் காவலுக்கு இராணுவம் புல்லட் வண்டிகளைக் கேட்டதன் பேரில், 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தோன்றியது. திருவொற்றியூரில் அதன் தொழிற்சாலை எழுந்தது. தாய்நிறுவனமோ 1970-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் முற்றிலும் மறைந்துபோயிற்று. திருவொற்றியூர்ப் பிள்ளை மட்டும் பிழைத்திருந்தது.

அதே காலத்தில் பம்பாயிலிருந்த ஐடியல் மோட்டார்ஸ் வணிகர்களான ஈரானி குடும்பத்தார், செக்கோஸ்லோவாக்கியா நாட்டின் ஜாவா வண்டிகளைத் தருவித்து விற்றுவந்தனர். இறக்குமதி நின்றதும் அவர்கள் மைசூர் சென்று, மகாராஜா ஜயசாமராஜேந்திர உடையாரின் ஆதரவோடு 1960-இல் ஐடியல் ஜாவா தொழிற்சாலையை அமைத்தனர். 1973 முதல் அவ்வண்டிக்கு யெஸ்டி என்று பெயர். பம்பாயிலேயே 1949-இல் தொடங்கிய ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1950-களின் நடுவில் லாம்பிரெட்டா ஸ்கூட்டர்களை ஒன்றுசேர்த்து வெளியிடத் தொடங்கியது. இந்நிறுவனம் பின்னாளில் சென்னை எம்.ஏ. சிதம்பரம் அவர்களின் குழுமத்திற்கு உரிமையாயிற்று. சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்திற்குப் பெயர் தந்த அதே சிதம்பரந்தான். சென்னைத் தொழிற்சாலையின் வண்டி பம்பாய்த் தெருவில் ஓட, பம்பாய் வணிகரின் வண்டி மைசூரில் பிறக்க, பம்பாய் ஸ்கூட்டருக்குச் சென்னைச் செட்டியார் உரிமையாளராக, மாநில எல்லைகளை இந்த யந்திரங்கள் நம்மைப்போலவே கடந்து சென்றன.

வண்டி செய்யப்பட்டதே ஒழிய, விரும்பியவர்க்கெல்லாம் கிடைத்துவிடவில்லை. உற்பத்திக்கு உரிமம், விலைக்குக் கட்டுப்பாடு, வாங்குவோர்க்குக் காத்திருப்புப் பட்டியல் என்பது அக்கால முறை. ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டிவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்தவர்கள் உண்டு. திருமணத்தின்போது பதிவு செய்த வண்டி, பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதில் வந்து சேர்ந்த கதையை நம் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இவ்வாறு வந்த வண்டியை ஐந்தாண்டில் மாற்றிவிட யாருக்கு மனம் வரும்? இருபது ஆண்டுகள், முப்பது ஆண்டுகள் வைத்திருந்தார்கள். பக்கத்தில் சைட் கார் பூட்டி, மனைவியையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு மாட்டுங்கா பஜனை சமாஜத்திற்கும் செம்பூர்க் கோவிலுக்கும் சென்றார்கள். வண்டி நீண்ட நாள் வாழவேண்டுமானால் அதன் நாடி பிடித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். நம் கூட்டுறவு உண்மையில் இங்கேதான் பிறக்கிறது.

அதற்குப் பதிவு எண்ணோ, தலைவர் செயலாளரோ கிடையாது. சாலையோரத்தில் ஒரு மெக்கானிக்கின் கடை. வாசலில் ஒரு பெஞ்சு. ஒரு தேநீர்க் கெட்டில். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே கூடுவோரே உறுப்பினர். வங்கி அதிகாரியும், ரயில்வே குமாஸ்தாவும், துறைமுகத் தொழிலாளியும், கல்லூரி மாணவனும் அங்கு ஒரே பெஞ்சில் அமர்ந்திருப்பர். அவர்கள் பேசிய பேச்சு வெறும் அரட்டை என்று வீட்டார் எண்ணினர். அதில் எவ்வளவு பாடம் இருந்தது என்பதற்கு ஓரிரு சான்றுகள் சொல்வோம்.

பழைய புல்லட் வண்டியைக் கிளப்புவது ஒரு கலை. பலம் உள்ளவன் எல்லாம் உதைத்துவிட முடியாது. சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே ஆம்மீட்டர் முள்ளைக் கவனிக்கவேண்டும். முள் நடுவுக்கு வந்து நிற்கும் நேரத்தில் பிஸ்டன் உச்சியை நெருங்குகிறது என்று பொருள். அப்போது டீகம்ப்ரஷர் பிடியை இழுத்துப் பிஸ்டனை உச்சிக்குச் சற்று அப்பால் தள்ளிவிட்டு, பிடியை விட்டபின், ஒரே மூச்சாக முழு வீச்சில் உதைக்கவேண்டும். இவ்வொழுங்கு தெரியாதவன் காலைக் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் பிசகியவர்கள் பலர். வண்டியோடு வரும் புத்தகத்தில் இது இரண்டு வரியில் இருக்கும். ஆனால் முள்ளின் அசைவையும் காலின் அழுத்தத்தையும் ஒன்றாக உணர்வதை, பக்கத்தில் நின்று ஒருவர் "இப்போது!" என்று சொல்லிக்கொடுத்தாலன்றிக் கற்க முடியாது.

ஜாவாவின் வழி வேறு. அதில் கியர் மாற்றும் நெம்புகோலே உதைத்துக் கிளப்பும் நெம்புகோலுமாகும். உள்ளே அழுத்தித் திருப்பினால் அது கிக்கர். மறுபடி முன்னால் சாய்த்துவிட்டால் அது கியர். கியர் நெம்புகோலை மிதிக்கும்போதே கிளட்சும் தானாக விடுபடும்படியான அமைப்பு. புதியவர் இதைக் கண்டு திகைப்பர். பழகியவரோ பிற வண்டிகளைக் குறைவாக மதிப்பர். இது இரு வீச்சு யந்திரம். ஆதலால் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றவேண்டும். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும், மிகுந்தால் பிளக்கில் கரி படிந்து வண்டி இருமும். கொளுத்தும் வெயிலில் மலை ஏறும் நாளில் எவ்வளவு, மழைக்கால நகர்ப் போக்குவரத்தில் எவ்வளவு என்னும் நுட்பம் பெஞ்சில் அமர்ந்திருந்த மூத்தவர்கள் நாவில் இருந்தது. அவர்கள் இறந்தால் அதுவும் இறக்கும். அதனால்தான் இளைஞர்கள் அருகில் அமரவேண்டியிருந்தது.

அறிவு இருந்தால் மட்டும் போதுமா? பாகங்கள் வேண்டாமா? பம்பாய்க்கு இவ்விஷயத்தில் தனிப் பேறு உண்டு. சோர் பஜாரின் சந்துகளில் பழைய விளக்கு, பழைய மீட்டர், எந்நாட்டு வண்டியின் பாகமோ என்று தெரியாத பித்தளைத் துண்டு எல்லாம் கிடைக்கும்; எது எதற்குப் பொருந்தும் என்று அறிந்தவனுக்கே அது கடை, மற்றவனுக்குக் குப்பை. குர்லாவின் பழைய வண்டிச் சந்தையில் உடைத்த வண்டிகளின் உறுப்புகள் மலைபோல் குவிந்திருக்கும். சென்னையில் புதுப்பேட்டையை அறிந்த நம்மவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாராவியைப் பற்றியும் சொல்லவேண்டும். திருநெல்வேலியிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் தோல் பதனிடும் தொழிலுக்காக வந்த நம் மக்கள் அப்பகுதியை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர்கள். தோல் பதனிடும் சாலைகள் பின்னர் அங்கிருந்து பெரும்பாலும் அகன்றுவிட்டன. தோல் தைப்போர் இருக்கின்றனர். மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் அணியும் கனத்த தோல் சட்டையை அளவெடுத்துத் தைத்துக்கொள்ளச் சயான்–பாந்த்ரா சாலையிலுள்ள கடைகளுக்கு நகரத்தின் நாற்புறத்திலிருந்தும் வருகின்றனர். கிழிந்த சீட்டுக்கு உறை, பழைய அலுமினியத்தை உருக்கி வார்த்த பாகம், லேத்தில் கடைந்த புஷ் முதலிய சிறு பணிகளுக்கும் தாராவியின் பட்டறைகளில் ஆள் உண்டு. பணக்கார வீட்டு நார்ட்டன் வண்டி உயிரோடு இருப்பதற்குப் பெயர் தெரியாத எத்தனையோ பட்டறைக் கைகள் காரணம். அதைச் சொல்லாமல் வண்டியின் அழகை மட்டும் பேசுவது நன்றன்று.

செம்பூரின் பங்கையும் விட்டுவிடலாகாது. ராஜ் கபூர் 1948-இல் அமைத்த ஆர்.கே. ஸ்டூடியோ செம்பூரில் இருந்தது. அந்நிறுவனம் 1973-இல் வெளியிட்ட 'பாபி' படத்தில் இளங்கதாநாயகன் ஓட்டிச் சென்ற சிறு ராஜ்தூத் வண்டி நாடெங்கும் இளைஞர் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. 'பாபி வண்டி' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. வண்டியின் தரத்தைவிடப் படத்தின் புகழே அதை விற்றது என்று அக்கால மெக்கானிக்குகள் முணுமுணுத்ததுண்டு. ஸ்டூடியோ 2017-இல் தீக்கிரையாகி, பின்னர் விற்கப்பட்டுவிட்டது. பாபி வண்டிகளோ இன்றும் சில இருக்கின்றன; வைத்திருப்போர் அவற்றைத் தேடித் தேடித் திருத்துகின்றனர். ஸ்டூடியோவைக் காக்க அன்பர் சங்கம் ஒன்று இல்லாமற் போயிற்றே என்று நாம் சில வேளை நினைப்பதுண்டு.

1980-களில் காற்று மாறியது. ஜப்பானிய நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து செய்யப்பட்ட இலேசான வண்டிகள் வந்தன. நம் ஓசூரில் 1984-இல் இண்ட்-சுசுகி, அடுத்த ஆண்டிலேயே ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்.எக்ஸ். 100-ம். இவை சிறிது பெட்ரோலில் நெடுந்தூரம் போயின, உதைத்தவுடன் கிளம்பின. நடுத்தரக் குடும்பத்திற்கு இது பெரிய வரப்பிரசாதம். இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பழைய வண்டிகள் அநாதைகளாயின. லாம்பிரெட்டா மரபு வந்த ஸ்கூட்டர்கள் மறைந்தன. மைசூரின் ஐடியல் ஜாவா 1996-இல் கதவடைத்தது. பல்லாயிரம் யெஸ்டிகள் தெருவில் இருக்க, அவற்றுக்குப் பாகம் தர ஆளில்லை.

இதைப் போன்ற நிலை வேறு நாட்டில் முன்பே வந்தது. இங்கிலாந்தின் வின்சென்ட் நிறுவனம் மிகச் சிறந்த வண்டிகளைச் செய்து, 1955-இல் அத்தொழிலை நிறுத்திவிட்டது. அதற்கு ஏழாண்டுகள் முன்பே, 1948-இல், அவ்வண்டி வைத்திருப்போர் தமக்கென ஒரு கழகம் அமைத்திருந்தனர். தொழிற்சாலை போனபின் அக்கழகத்தினர் கலங்கி நிற்கவில்லை. பாகங்களைச் சேகரித்தனர், வரைபடங்களைக் காத்தனர், பின்னர் உறுப்பினர்களின் பணத்தைக் கொண்டு உதிரி பாகங்கள் செய்து தரும் நிறுவனம் ஒன்றையே ஏற்படுத்தினர். வாங்குவோரே செய்வோராயினர். செய்தவன் இறந்தபின் பயன்படுத்துவோன் பொறுப்பேற்ற இந்நிகழ்ச்சியைக் கூட்டுறவு இயக்க வரலாற்றில் சேர்க்கவேண்டும் என்பது நம் கருத்து.

நம் நாட்டில் யெஸ்டிக்காரர்கள் அத்துணைப் பெரிய ஏற்பாடு செய்யவில்லை. ஆயினும் பெங்களூர், மைசூர், புனா, மும்பை, சென்னை எனப் பல ஊர்களில் குழுக்கள் அமைத்துக்கொண்டனர். எந்த ஊரில் எந்தக் கடைக்காரர் பழைய கையிருப்பை வைத்திருக்கிறார், எந்தப் பட்டறை கிராங்க் ஷாஃப்டை நேராக்கும் என்ற செய்திகளைப் பகிர்ந்தனர். ஜூலை மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையை ஜாவா நாள் என்று கொண்டாடி, துலக்கிய வண்டிகளோடு கூடுகின்றனர். இருபத்திரண்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தபின், 2018-இல், மும்பையின் மஹிந்திரா குழுமத்தைச் சார்ந்த கிளாசிக் லெஜண்ட்ஸ் நிறுவனம் ஜாவா பெயரை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2022-இல் யெஸ்டியும் வந்தது. மூடிய தொழிற்சாலையின் பெயருக்கு விலை ஏற்பட்டது எதனால்? அந்தப் பெயரை மறவாதவர்கள் ஊர் ஊராக இருந்ததனால். அவர்களுக்கு அந்நிறுவனம் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறது என்று கணக்கிட்டால் பெருந்தொகையாகும்!

புல்லட்டின் கதையும் ஏறக்குறைய இதுவே. 1994-இல் எய்ஷர் குழுமத்தின் வசமான அந்நிறுவனம், 2000-ஆம் ஆண்டளவில் விற்றுவிடலாமா, மூடிவிடலாமா என்ற நிலைக்கு வந்தது. விற்பனை அவ்வளவு சுருங்கிவிட்டது. அந்நாளில் அதைப் பற்றிக்கொண்டு நின்றவர்கள் சிறு சிறு குழுக்களாக நெடும்பயணம் சென்ற ஓட்டுநர்களே. நிறுவனத்தார் அவர்களோடு சேர்ந்து பயணம் செய்து, குறைகளைக் கேட்டு, வண்டியைத் திருத்தினர். ஓரகடத்தில் 2013-இல் பெரிய தொழிற்சாலை திறக்கும் அளவுக்கு நிலைமை மாறிற்று. இதற்குத் தொழில் திறமையும் முதலீடும் முதற் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் மழையில் நனைந்த அந்தச் சிறு குழுக்கள் இல்லையேல் திருத்துவதற்கு வண்டியே மிஞ்சியிராது.

இனி, வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மாட்டுங்காவை நினைத்துப் பாருங்கள். வந்து குடியேறிய நம் முன்னோர், முதலில் பிள்ளைகளின் படிப்புக்கு வழி தேடினர்; 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. பிறகு சங்கீதத்தை நினைத்தனர். 1952-இல் சண்முகானந்த சபை தோன்றியது. ஊரில் மாமாவும் சித்தப்பாவும் செய்த உதவியை இங்கே சங்கம் செய்யவேண்டியிருந்தது. ஆயினும் ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்வோம். மாட்டுங்கா சபைகளின் வாசலைத் தாராவித் தமிழர் எத்தனை பேர் மிதித்தனர்? இரண்டு பகுதிகளுக்கும் இடையே நடந்தே போய்விடலாம். ஆனால் சாதியும் படிப்பும் வருவாயும் அந்தச் சிறு தூரத்தை நீட்டிவைத்திருந்தன.

மெக்கானிக் கடைப் பெஞ்சில் அந்தத் தூரம் கொஞ்சம் குறைந்தது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டத் தெரிந்த தாராவி இளைஞனிடம், வங்கி வேலையிலுள்ள மாட்டுங்கா இளைஞன் பாடம் கேட்டுத்தானாக வேண்டும். "அண்ணா, இது ஏன் இப்படி இழுக்கிறது?" என்று அவன் கேட்கும்போது, அண்ணா என்ற சொல் வெறும் மரியாதைக்காக வருவதில்லை. கேட்பவன் மராத்தியனாகவோ குஜராத்தியாகவோ இருந்தால் பேச்சு பம்பாய் இந்தியில் நடக்கும். தமிழன் என்று தெரிந்துவிட்டால் நடுவில் தமிழ் புகும். ஊரிலிருந்து வந்து ஒரு மாதமே ஆன பிள்ளைக்கு, அறை வாடகைக்குக் கிடைக்கும் இடத்திலிருந்து நல்ல மருத்துவர் வரையில் அங்கே தகவல் கிடைக்கும். இதனால் சமத்துவம் வந்துவிட்டது என்று நாம் கூறவில்லை. இலட்சக்கணக்கில் விலை உள்ள வண்டிகள் வந்தபின், அவற்றை வைத்திருப்போர் தனிக் கூட்டமாகப் பிரிந்து செல்வதையும் காண்கிறோம். வண்டியின் பெயரால் புதிய சாதி ஒன்று ஏற்பட்டால் பழையவை போதாவா?

மும்பையில் மோட்டார் சைக்கிள்காரருக்கு ஒரு நியாயமான மனக்குறையும் உண்டு. 2002-இல் நிறைவுற்ற புனா விரைவுச்சாலையில் அவருக்கு இடமில்லை. பாந்த்ரா–வர்லி கடல் பாலம் 2009-இல் வந்தது, இடமில்லை. செம்பூர்ப் பக்கத்திலிருந்து தென் மும்பைக்குச் செல்லும் கிழக்கு நெடும்பாதை 2013-இல் திறக்கப்பட்டது. அதன் அடியில் நெரிசலில் அவர் ஊர்ந்து செல்ல, மேலே கார்கள் பறக்கின்றன. 2024-இல் திறந்த அடல் சேதுவிலும், கடற்கரைச் சாலையிலும் இதே தடை. கடற்காற்றும் வேகமும் இரு சக்கர வண்டிக்கு ஆபத்து என்று அதிகாரிகள் கூறும் காரணம் பொய்யன்று. ஆனால் பொதுப் பணத்தில் அமைந்த சாலைகளில் எளியவர் வண்டிக்கு மட்டும் இடம் இல்லை என்பதை அவர் எவ்வாறு எளிதில் ஏற்பார்? இதைப் பற்றிக் கூடிப் பேசவும், மனுக் கொடுக்கவும் தனி மனிதனால் ஆகாது, குழுக்களாலேயே ஆகும்.

ஆகவே ஞாயிறு விடியுமுன் சயானிலும் செம்பூரிலும் ஒன்றுகூடி, வாஷிக் கழிமுகப் பாலத்தைக் கடந்து, பழைய புனா சாலை வழியே கோபோலி சென்று, போர்க் கணவாயில் கண்டாலாவுக்கு ஏறுகின்றனர். மழைக்காலத்தில் அம்மலைப் பாதை கண்கொள்ளாக் காட்சி, வழுக்கலும் அவ்வாறே. நன்கு நடத்தப்பெறும் குழுவின் ஒழுங்கை அங்கே காணலாம். வழி தெரிந்தவர் முன்னே செல்வார். அனுபவம் மிக்க மற்றொருவர் எல்லோர்க்கும் பின்னே வருவார். எவர் வண்டி நின்றாலும் அவர் அங்கேயே நிற்பார். ஒருவர்க்கொருவர் இடைவெளி விட்டு, இடமும் வலமுமாக மாறி மாறிச் செல்வர். சாலையில் பள்ளம் கண்டால் முன்னவர் காலை நீட்டிக் காட்ட, அடுத்தடுத்து எல்லோரும் காட்டுவர். தலைக்கவசம் இன்றி வந்தவனைத் திருப்பி அனுப்பிவிடுவர். போலீசாருக்குப் பயந்து தலைக்கவசத்தைக் கைப்பிடியில் மாட்டிச் செல்லும் பிள்ளை, நண்பர்களுக்கு நாணித் தலையில் அணிகிறான். விபத்தில் சிக்கியோர்க்கு உதவுவோரைச் சட்டத்தின் தொல்லையிலிருந்து காக்கும் விதி 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்தது. அத்தகைய விதி உண்டு என்பதைப் பலர் இத்தகைய குழுக்களில்தான் முதலில் கேள்விப்பட்டனர்.

எல்லாக் குழுக்களும் இப்படி என்று சொல்லிவிட்டால் அது வரலாறு ஆகாது. சைலன்சரை அறுத்து ஊரை எழுப்புவோரும், நள்ளிரவில் பந்தயம் கட்டுவோரும் இருக்கின்றனர். பந்தயத்திற்கு இடம் வேறு. சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் 1953-இலேயே ஒன்றுகூடி, சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் முறைப்படி பந்தயம் நடத்தினர். பம்பாயிலிருந்தும் வீரர்கள் அங்கே சென்றதுண்டு. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் தக்க பாதையே அமைத்தனர். பெண்களைப் பின்னிருக்கைக்கு உரியவர்களாகவே நெடுங்காலம் இக்குழுக்கள் கருதின. 2011-இல் புனாவில் பெண்கள் தமக்கெனப் 'பைக்கர்ணி' என்ற குழுவைத் தொடங்கியபின்தான் பலருக்குக் கண் திறந்தது. நம் வீடுகளில் தாயார் முகம் வாடுவது, பெண் பிள்ளை வண்டி கேட்டால் இன்னும் சற்று மிகுதியாகவே இருக்கிறது.

முடிக்குமுன், நம்மவர்க்குப் பயன்படும் ஒரு சிறு செய்தி. வேலை மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ ஊர் திரும்புவோர் வண்டியை ரயில் பார்சலில் அனுப்புவதுண்டு. அனுப்புமுன் டாங்கிலுள்ள பெட்ரோலை முழுதும் வடித்துவிடவேண்டும். பதிவுப் புத்தகத்தின் நகல் வேண்டும். விளக்கையும் டாங்கையும் வைக்கோலும் சாக்கும் சுற்றிக் கட்டவேண்டும். இவற்றைச் செய்து கொடுக்கும் ஆட்கள் தாதரிலும் குர்லா முனையத்திலும் நிற்பார்கள். கட்டணத்தைப் பேசிக்கொள்ளக் குழுவில் உள்ள ஒருவரை உடன் அழைத்துச் செல்வது வழக்கம். மறுமுனையில் சென்னையிலோ நெல்லையிலோ இறங்கும் வண்டியில் ஒரு சொட்டுப் பெட்ரோலும் இராது. அதைத் தள்ளிக்கொண்டு நிலைய வாசலுக்கு வரும்போது, மும்பைக் குழுவினர் முன்னதாகச் சொல்லி வைத்த உள்ளூர்க் குழுவைச் சேர்ந்த ஒருவர், முன்பின் பார்த்திராதவர், கையில் ஒரு பாட்டில் பெட்ரோலும் பிளக் ஸ்பேனருமாக அங்கே காத்திருப்பார்.